அகக்காழும் புறக்காழும்: மரபியல் காட்டும் நிலைத்திணைப் பகுப்பு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், திருக்கோட்டியூரில் ஆற்றப்பெற்ற உரை)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டம் வெளியிடும் நூலுக்கு ‘மலர்’ என்று பெயர். திங்கள்தோறும் வருவது ‘இதழ்’. அன்பர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது ‘மடல்’. முன்னோர் எழுதி வைத்துச் சென்றது ‘ஏடு’. மன்னர் தூதுவரிடம் கொடுத்து விடுத்தது ‘ஓலை’. எழுத்துத் தொழிலின் கருவிப்பெயர்கள் யாவும் தோட்டத்திலிருந்து வந்திருக்கின்றன. இவற்றுள் மலர் ஒழிந்த நான்கும் தொல்காப்பிய மரபியலின் ஒரே நூற்பாவில் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெற்றுள்ளன. அந்நூற்பா எழுதுவதைப் பற்றியதன்று, நூலைப் பற்றியதுமன்று. புல் என்னும் வகுப்பைச் சார்ந்த நிலைத்திணை உயிர்களுக்கு உறுப்புப் பெயர்கள் எவை என்று தொகுத்துரைப்பது அது. தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை என எட்டுப் பெயர்களை அது சுட்டுகிறது. இலை, தளிர், முறி, தோடு, சினை, குழை, பூ, அரும்பு, நனை என்பன மரம் என்னும் மற்றொரு வகுப்பிற்கு உரியவை. காய், பழம், தோல், செதிள், வீழ் ஆகியவை இரண்டிற்கும் பொது.

இப்பட்டியலை முதன்முறை படிக்கும் மாணவர் ஒரு நொடி தயங்குவது இயல்பு. ஓலையும் மடலும் பாளையும் ஈர்க்கும் உடையது பனை, உடையது தென்னை. வானளாவ நிற்கும் பனையா புல்? அருகம்புல்லும் பனையும் ஒரே வகுப்பா? ஆம் என்பதே தொல்காப்பியரின் விடை. அவ்விடைக்கு அவர் கூறும் காரணம் உயரமன்று, பருமனன்று, வாழ்நாளுமன்று. காழ் என்னும் வன்பகுதி எங்கே இருக்கிறது என்ற ஒன்றை மட்டுமே அவர் நோக்குகிறார். வன்மை வெளிப்புறத்தே அமைந்தவை புல். உள்ளே அமைந்தவை மரம். இதனைத் தம் கண்டுபிடிப்பாகவும் அவர் சொல்லவில்லை; முன்னோர் இவ்வாறு கூறுவர் என்ற வாய்பாட்டில் வைத்தே சொல்கிறார். ஆகவே இப்பகுப்பு அவர்க்கு முன்னரே தமிழ் கற்றோரிடம் வழங்கியது என்று கொள்ள இடமிருக்கிறது. மரபியலில் பிற்காலச் சேர்க்கைகள் உண்டெனக் கருதும் அறிஞரும் உளர். அவ்வாதம் இப்பொருளின் சிறப்பைக் குறைப்பதில்லை.

இலக்கணத்தின் பொருளை இலக்கணத்திற்கு வெளியே தேடிக் காண்பதற்குச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் உள்ள பெருவீடுகளின் முகப்பிலும் வளவிலும் நிற்கும் தூண்களில் பல, கடல் கடந்து வந்த பர்மாத் தேக்கு. அதே ஊர்களில் எளியோர் வீட்டுக் கூரையைத் தாங்கியது பனை. பிளந்து செதுக்கிய பனங்கைகளே அவ்வீடுகளின் கைமரங்கள். இவ்விரண்டையும் கையாண்ட தச்சர் செய்தது என்ன? தேக்குக் கட்டையில் வெளியே உள்ள வெளிறிய பகுதியைச் செதுக்கிக் கழிப்பர். அது பூச்சிக்கு இரையாகும், நாட்படாது. உள்ளே பொன்னிறமாக இறுகியிருக்கும் வயிரம் தூணாகும். பனையில் வேலை தலைகீழாகும். நடுவில் உள்ள மென்மையான சோற்றைக் கழித்துவிட்டு, கருநார் அடர்ந்த வெளிப்பகுதியைக் கைமரமாகக் கொள்வர். ஒன்றில் புறத்தை எறிவதும் மற்றொன்றில் அகத்தை எறிவதும் தச்சுப்பட்டறையின் அன்றாடச் செயல். மரபியலின் பகுப்பு பிறந்த இடம் பட்டறை வாயிலாகவே இருத்தல் வேண்டும். இளம்பூரணரும் பேராசிரியரும் உரை எழுதிய நூற்பாவிற்குக் கோடரியும் இழைப்புளியும் அவர்களுக்கு முன்னரே உரை எழுதிவிட்டன.

இன்றைய தாவரவியல் இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தெளிவாக விளக்குகிறது. தேக்கு, வேம்பு, புளி போன்றவற்றின் தண்டில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் வளையமாக அமைந்துள்ளது. அது உட்புறமாகக் கட்டையையும் வெளிப்புறமாகப் பட்டைப் பகுதியையும் தொடர்ந்து உண்டாக்குகிறது. ஆகவே இவை ஆண்டுதோறும் பருக்கின்றன. நடுவில் உள்ள பழைய கட்டை நீர் கடத்தும் தொழிலை விட்டுப் பிசினும் நிறமும் ஏறி இறுகுகிறது. பாடநூல்கள் இதனை வைரக்கட்டை என்றே குறிக்கின்றன. தொல்காப்பியரின் அகக்காழ் இதுவே. பனையில் அத்தகைய வளையம் இல்லை. நீரும் உணவும் செல்லும் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன; நடுவில் அருகியும் விளிம்பில் நெருங்கியும் உள்ளன. ஒவ்வொரு கற்றையையும் சூழ்ந்த நார் விளிம்பில் தடித்துக் கறுத்து இறுகுகிறது. புறக்காழ் என்பது இது. பனை ஆண்டுதோறும் பருப்பதில்லை என்பதும் இதனால் விளங்கும். வடலியாக இருக்கும்போதே மண்ணளவில் தன் பருமனைத் தேடிக்கொண்ட பின்னரே அது மேலே எழுகிறது. மூங்கிலிலும் கரும்பிலும் நாணலிலும் நெற்றாளிலும் இதே அமைப்புத்தான். வலிமையை விளிம்பில் வைத்து நடுவை மென்மையாகவோ வெறுமையாகவோ விட்ட தண்டு, குறைந்த பொருளில் காற்றுக்கு ஈடுகொடுக்கும். புயலில் ஆலும் புளியும் சாயும்போதும் பனை பெரும்பாலும் நிற்பதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம்.

ஈண்டு மேலைநாட்டார் வந்த வழியையும் நோக்குதல் தகும். அரித்தாட்டிலின் மாணவரான தியோபிராசுடசு கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதிய நூலில் தாவரங்களை மரம், புதர், சிறுபுதர், பூண்டு என நான்காகப் பகுத்தார். அது தோற்றத்தை வைத்துச் செய்த பகுப்பு. நெடுங்காலம் அதுவே நிலவியது. 1682இல் ஆங்கிலேயரான ஜான் ரே, முளைக்கும் விதையில் இலை ஒன்றா இரண்டா என்று நோக்கிப் பகுக்கும் முறையை வெளியிட்டார். மரங்களைத் தனியே ஒதுக்கிவைக்கும் பழக்கத்தை அவராலும் முதலில் விட இயலவில்லை. 1735இல் லின்னேயசு பூவின் மகரந்தத்தாள்களை எண்ணி வகுப்பமைத்தார். எண்ணுவதற்கு எளிதாயினும் உறவு காட்டாத முறை அது. தண்டின் உள்ளமைப்பால் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கலாம் என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பிரான்சில் தெஃபோந்தேன் என்பாரால் உரைக்கப்பட்டது. அதனை வளர்த்த தெ கந்தோல், வெளிப்புறமாக வளர்வன, உட்புறமாக வளர்வன என்று இரு பெயர் இட்டார். பனையில் புதிய நார்கள் நடுவில் தோன்றிப் பழையவற்றை வெளியே தள்ளுவதால்தான் விளிம்பு இறுகுகிறது என்று அன்று எண்ணினர். செருமானியரான மோல், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பனைத்தண்டை நுண்ணோக்கியில் ஆய்ந்து அவ்விளக்கம் பிழை என்று காட்டினார். தொல்காப்பியர் விளக்கம் எதுவும் சொல்ல முற்படவில்லை. வன்மை எங்கே உள்ளது என்று மட்டும் சொன்னார்; சொன்ன அளவில் அது இன்றும் சரியாக இருக்கிறது.

இதனைக் கொண்டு மேடைகளில் ஒரு கூற்று அடிக்கடி எழுகிறது. ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரங்களைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுபிடித்துவிட்டனர் என்பது அக்கூற்று. கைதட்டல் பெறுவதற்கு ஏற்ற கூற்றுத்தான். ஆயின் உண்மையின் பாதி அது. விதையிலையைப் பற்றி மரபியல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது கண்டது தண்டின் வன்மையை. அவ்வழியே சென்று பனை, தென்னை, கமுகு, மூங்கில், புல் ஆகியவற்றை ஒன்றாகக் கண்டது; பிற்கால அறிவியலும் வேறு வழியாக வந்து அவற்றை ஒன்றாகவே கண்டது. இருவேறு பாதைகள் ஓரிடத்தில் சந்தித்தன. அச்சந்திப்பே போதிய பெருமை. இல்லாத விதையிலையை நூற்பாவிற்குள் புகுத்துவோர், அதில் உள்ள தச்சரின் கண்ணை மறைத்துவிடுகின்றனர்.

பகுப்பு என்பது ஏட்டளவில் நிற்கும் செய்தி என்று எண்ணுவாரும் உளர். கோவா மாநிலத்தில் நடந்ததை அவர்கள் அறிதல் நலம். அங்கு 2016இல் மரப்பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டுத் தென்னை ‘மரம்’ என்னும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கிளையில்லாத தென்னை தாவரவியலின்படி மரமன்று என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மரமன்று எனின் வெட்ட இசைவு வேண்டுவதில்லை! மக்கள் கிளர்ந்தனர். 2017இல் தென்னை மீண்டும் பட்டியலில் ஏறியது. அம்மாநிலத்தின் மரமாகவும் அறிவிக்கப்பெற்றது. தமிழ்நாட்டின் மாநில மரமாகப் பனை 1978இல் அறிவிக்கப்பெற்றதும், பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என 2021இல் அரசு அறிவித்ததும் பலரும் அறிந்தவை. பனை புல் என்று மரபியல் சொன்னது அமைப்பைக் கருதி. மதிப்பைக் கருதி அன்று. இலக்கண நூற்பாவை ஒருவர் வெட்டுக்கத்தியாகக் கொள்ளவும் கூடும் என்பதற்குக் கோவா சான்று. நல்வாய்ப்பாக, மரபியல் வகுத்த தமிழே உலக வழக்கில் பனைமரம், தென்னைமரம் என்றும் தயங்காது சொல்லிவருகிறது. நூல்வழக்கும் உலகவழக்கும் ஒன்றையொன்று அழிக்காமல் இருந்துவந்துள்ளன.

இனி இப்பகுப்பு எட்டாத இடங்களையும் பார்க்க வேண்டும். இவ்வூரிலிருந்து வடக்கே, திருப்பத்தூரும் சிங்கம்புணரியும் கடந்து சென்றால் பிரான்மலை. பாரியின் பறம்பு அதுவே என்பர். பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தேரை நிறுத்திச் சென்றான் என்று பாரியைப் புலவர் போற்றுவர். அந்த முல்லையை மரபியலின் எவ்வகுப்பில் வைப்பது? தானே நிற்கும் காழ் அதற்கு வெளியிலும் இல்லை, உள்ளிலும் இல்லை. இல்லாமையினாலன்றோ தேர் வேண்டியிருந்தது! கீரைகள், துளசி, தும்பை போன்ற சிறு பூண்டுகளை எங்கே வைப்பது? முருங்கையும் பப்பாளியும் மரம் போல் நின்றும் உள்ளே வயிரம் இல்லாதவை. வாழையின் தண்டெனத் தோன்றுவது தண்டே அன்று; ஒன்றையொன்று தழுவிய மட்டைகளின் சுருள். குலை ஈனும் பருவத்தில்தான் மெய்யான தண்டு அதனூடே ஏறுகிறது. இவற்றையெல்லாம் புல், மரம் என்னும் இரண்டனுள் அடக்க முயல்வது வலிந்து செய்வதாகும்.

தொல்காப்பியரும் அவ்வாறு வற்புறுத்தவில்லை. ஓரறிவுயிராகப் புல்லையும் மரத்தையும் கூறிய கையோடு, அவ்வினத்தில் பிறவும் உண்டு என்று சொல்லிவைத்தார். உறுப்புப்பெயர்களை எண்ணியபோதும் இன்னும் இத்தகையன உள என்று பட்டியலைத் திறந்தே விட்டார். வகுப்பவர்க்கு இவ்வடக்கம் இன்றியமையாதது. பாரியின் தோழரான கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியபோது அவற்றை வகைப்படுத்தவில்லை. பெயர்களை மட்டுமே நிரல்பட வைத்தார். எண்ணிச் சொல்வது வேறு, வகுத்துச் சொல்வது வேறு. கபிலர் எண்ணிய பூக்கள் எவையெவை என்று இன்றைய செடிகளோடு பொருத்திக் காண்பதற்குப் பி. எல். சாமி போன்ற அறிஞர் பெரிதும் உழைக்க வேண்டியிருந்தது. உடன் ஓர் உறுப்பையோ வகுப்பையோ கபிலர் சொல்லியிருப்பின் அவ்வுழைப்புப் பாதியாகக் குறைந்திருக்கும். ஆயினும் பாட்டின் வேலை அதுவன்று.

பாட்டின் வேலை எது என்பதைக் கவிஞர்கள் நிறைந்த அவையில் சொல்லத் தேவையில்லை. ஆனால் பாட்டில் வழங்கும் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அண்மைக்காலக் கவிதைகளில் ‘தென்னை இலை’ காற்றில் அசைகிறது, ‘நெல் இலை’யில் பனித்துளி நிற்கிறது, ‘கரும்பு இலை’ கையைக் கிழிக்கிறது. பொருள் விளங்காமல் போகவில்லை. ஆனால் தென்னைக்கு ஓலை, கரும்புக்குத் தோகை, நெல்லுக்குத் தாள், தாழைக்கு மடல், வேம்புக்கு இலை என்று சொல்லும்போது கேட்போர் மனத்தில் உறுப்பின் உருவம் மட்டுமன்றி அத்தாவரத்தின் உடற்கட்டு முழுவதும் எழுகிறது. ஓலை என்றதும் ஈர்க்கு உண்டு என்பதும், ஈர்க்கின் இருபுறமும் நரம்புகள் இணையாக ஓடும் என்பதும் உடன் தோன்றும். இலை என்றதும் வலைபோல் பின்னிய நரம்பு தோன்றும். இணைநரம்பு, வலைநரம்பு என்று தாவரவியல் வகுப்பறையில் கற்பிப்பதைத் தமிழின் உறுப்புப்பெயர் பெரும்பாலும் சொல்லாமலே உணர்த்திவிடுகிறது. இச்சொல்வளத்தைத் தொகுத்துக்காட்டியவர் தேவநேயப் பாவாணர். அடிப்பகுதிக்குத் தாள், தண்டு, கோல், தூறு, தட்டை, கழி, கழை, அடி என்று அவர் தந்த வரிசை ஒவ்வொன்றும் ஒரு தண்டமைப்பைச் சுட்டும். கழை என்றால் மூங்கில். உட்டுளையும் கணுவும் அச்சொல்லிலேயே உள்ளன. தட்டை என்றால் சோளம், கம்பு. எல்லாவற்றையும் ‘தண்டு’ என்று எழுதுவோர் ஏழு சொற்களை இழக்கின்றனர் என்பதைவிட ஏழு உடல்களை இழக்கின்றனர் எனல் பொருந்தும்.

பனை ஒன்றிற்கே இந்நிலத்தில் எத்தனை சொற்கள்! குருத்து, ஓலை, ஈர்க்கு, மட்டை, மட்டையின் இருமருங்கும் வாள்போல் அரிவாய்ப் பற்கள் கொண்ட கருக்கு, மட்டையின் அடியை வலைபோல் பொதிந்த பன்னாடை, பாளை, நுங்கு, முளைத்த கொட்டைக்குள் இருக்கும் தவுண், கிழங்கு, வடலி. ஓலையைக் கிழித்து முடையும் செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. திருமணச் சீர்வரிசையில் அதற்கு இடமுண்டு. முடையும் பெண்டிர் ஈர்க்கை நீக்கியே ஓலையை வகிர்வர். ஈர்க்கு வேறு, ஓலை வேறு என்ற மரபியல் வேறுபாடு அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது. மடலேறுதல் என்னும் சங்கத் துறையின் கொடுமையும் கருக்கு என்னும் சொல்லை அறிந்தார்க்கே முழுதும் விளங்கும். அம்மடற்குதிரை உட்காரத்தக்க இருக்கையன்று, அரியும் வாள். தோடு என்பது முதலில் காதில் செருகிய ஓலைச்சுருள். குழை என்பதும் தளிரின் பெயர். காதணி இரண்டும் நிலைத்திணை உறுப்புகளே. பொன்னும் வைரமும் வந்த பின்னரும் பெயர் மட்டும் தோட்டத்தைவிட்டு வரவில்லை.

இளமைப்பெயர்களிலும் இவ்வகுப்புணர்வு காணப்படுகிறது. பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய பெயர்களை ஓரறிவுயிர்க்கும் கொள்ளலாம் என்று கூறும் மரபியல், நெல்லையும் புல்லையும் மட்டும் அதிலிருந்து விலக்குகிறது. தென்னம்பிள்ளை என்பதும் மாங்கன்று என்பதும் வழக்கு, நெற்கன்று என்பதோ புற்பிள்ளை என்பதோ எங்கும் இல்லை, நெல்லுக்கு நாற்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பனையையும் தென்னையையும் புல் என்று வகுத்த அதே இயல், இந்த விலக்கில் புல் என்பதைத் தரையில் படரும் சிறுபுல் என்ற பொருளில் ஆள்கிறது. அல்லாக்கால் தென்னம்பிள்ளைக்கு இடமில்லாமல் போகும். ஒரே சொல் வகுப்புப்பெயராகவும் இனப்பெயராகவும் நிற்கிறது. இம்மயக்கத்தைக் குறையென்று சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் பாடம் சொல்வோர் இதனை மாணவர்க்கு எடுத்துக்காட்டாமல் கடந்துவிடுதல் கூடாது. மறைபொருளைக் கோபுரம் ஏறி நின்று ஊரறியச் சொன்ன இராமாநுசரின் கதை வழங்கும் திருக்கோட்டியூரில், மரபியல் மட்டும் புலவர் வகுப்பறையைத் தாண்டாமல் கிடப்பது முரணாகவே தோன்றுகிறது.

நூலறியாத மக்களும் தம் பெயரிடும் முறையால் வகைசெய்தே வந்துள்ளனர். கருவேல், வெள்வேல், குடைவேல் என்பவை வேல் என்னும் பொதுப்பெயரோடு ஓர் அடைமொழி சேர்ந்தவை. பேரினப்பெயரும் சிற்றினப்பெயரும் இணைந்த லின்னேயசின் இருபெயர் முறைக்கும் இதற்கும் வேறுபாடு வரிசையில் மட்டுமே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மண்ணிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கண்மாய்தோறும் பரவிய முட்செடிக்குச் சீமைக்கருவேல் என்று பெயரிட்டவர் யாரென எவரும் அறியார். ஆயினும் அவர் கண் கூர்மையானது. இரு தாவரமும் ஒரே பெருங்குடும்பத்தின் ஒரே கிளையைச் சேர்ந்தவை. நூலார் இட்ட பெயர்களோ மாறிவிட்டன. அக்கேசியாவாக இருந்த கருவேல், 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் பேரவை அப்பெயரை ஆசுத்திரேலிய இனங்களுக்கு ஒதுக்கியதன் விளைவாக வாச்செல்லியா ஆயிற்று. புரோசோப்பிசாக இருந்த சீமைக்கருவேலை 2022இல் நெல்ட்டுமா என்று பிரித்துள்ளனர். ஊரில் அவை இன்றும் கருவேல், சீமைக்கருவேல்தான்.

நெல்லி, அருநெல்லி, கீழாநெல்லி ஆகிய மூன்றில் முதலிரண்டு மரம். மூன்றாவது சாண் உயரப் பூண்டு. உருவத்தை மட்டும் நோக்கின் உறவு தெரியாது. காய் அமைந்த முறையை நோக்கித் தமிழர் மூன்றையும் நெல்லி என்றனர். தாவர நூலும் மூன்றையும் பில்லாந்தசு என்ற ஒரே பேரினத்தில் வைத்தது. பாலை என்னும் பெயர் இன்னொரு வகை. வெட்பாலை, ஏழிலைப்பாலை, உலக்கைப்பாலை மூன்றிற்கும் பொதுவானது கீறினால் வடியும் பால். முதலிரண்டு ஒரு குடும்பம். மூன்றாவது இலுப்பையின் குடும்பம். பெயரொற்றுமை உறவைக் காட்டாத இடமும் உண்டு என்பதற்கு இது சான்று. ஓரிதழ்த்தாமரை தாமரையன்று, ஆகாயத்தாமரையும் தாமரையன்று.

தாமரையைப் பற்றிய செய்தி கவிஞர்கள் அனைவரும் அறிய வேண்டியது. கல்லூரிகளில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட பெந்தாம்–ஹூக்கர் முறை, 1862 முதல் 1883 வரை வெளிவந்த நூலில் வகுக்கப்பெற்றது. அது தாமரையையும் அல்லியையும் ஒரே குடும்பத்தில் வைத்தது. இரண்டும் நீரில் வாழ்வன, பெருமலர் உடையன என்பதால் அது இயல்பாகவும் தோன்றியது. 1990களில் மரபணு ஒப்பீடு வந்தது. 1998இல் அதன் வழிப்பட்ட புதிய பகுப்பு வெளியாயிற்று. அதன்படி அல்லி, பூக்கும் தாவரங்களின் அடிமரத்திலேயே பிரிந்துபோன மிகப் பழைய கிளை. தாமரை வெகுதொலைவில், வேறொரு கிளையில் நிற்கிறது. இன்று வாழும் அதன் நெருங்கிய உறவினர் யார் எனின், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் குடும்பம்! நீரில் வாழ்தலால் நேர்ந்த ஒப்புமையை உறவென்று நூலார் மயங்கினர். தமிழ்ப் புலவர் இரண்டையும் ஒருகாலும் மயங்கவில்லை. ஒன்றைப் பகலவனுக்கும் மற்றொன்றைத் திங்களுக்கும் பகுத்துக் கொடுத்தனர். தாமரையின் நடுவே விதை பொதிந்த பொகுட்டைத் தனிச்சொல்லால் குறித்தனர். தாமரையிலை பிளவின்றி முழுவட்டமாய் நீருக்கு மேல் எழுவதையும், அல்லியிலை ஒருபுறம் பிளந்து நீரோடு கிடப்பதையும் கண்மாய்க்கரையில் நின்று கண்டவர்க்கு மரபணு வேண்டியதில்லை.

அதே புதிய பகுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. இருவித்திலை என்ற வகுப்பு உடைந்துவிட்டது. மிளகு, வெற்றிலை, சண்பகம், சீத்தா ஆகியவை வேம்பும் புளியும் நிற்கும் பெருங்கிளையினின்று வேறானவை என்று தெரியவந்தது. பனையும் மூங்கிலும் நெல்லும் வாழையும் அடங்கிய ஒருவித்திலை மட்டும் உடையாமல் ஒரே கிளையாக நிற்கிறது. பனையையும் புல்லையும் ஒன்றென்ற மரபியலின் கூற்று இன்னும் அசையவில்லை.

கண்மாய்களில் சீமைக்கருவேலுக்கு அடுத்தபடியாக இன்று மண்டிக்கிடப்பது நெய்வேலிக் காட்டாமணக்கு. அதுவும் அமெரிக்க மண்ணிலிருந்து வந்தது. உட்டுளை கொண்டு நிமிர்ந்த தண்டையும், கிள்ளினால் வடியும் பாலையும், அகன்ற இலையையும் நோக்கி மக்கள் அதனைக் காட்டாமணக்கோடு சேர்த்தனர். தாவர நூலார் பூவை நோக்கினர். இளஞ்சிவப்பு நிறத்தில் புனல்போல் விரிந்த அப்பூ, ஆமணக்குக் குடும்பத்தில் எங்கும் இல்லாதது. பூவின்படி அது கொடிகளின் குடும்பம், சர்க்கரைவள்ளிக்கிழங்கின் பேரினம். படரும் கொடிகளுக்கிடையே அது மட்டும் கொழுகொம்பு வேண்டாமல் நிமிர்ந்து நிற்கிறது.